மெல்ல ஏறும் பாரமும் திடீரென விழும் அடியும்

ஜவ்வாது மலையின்மேல், ஜமுனாமரத்தூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், சாமை குத்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. உமி நீக்கும் இயந்திரங்கள் மலைக்கு வந்துவிட்டன என்றாலும், வீட்டுச் செலவுக்கு வேண்டிய கொஞ்சம் தானியத்தை உரலில் இட்டுக் குத்திக்கொள்ளும் வழக்கம் அங்கே அடியோடு மறைந்துவிடவில்லை. பழைய மண் தரையைப் பெயர்த்துவிட்டு, வாசலில் புதிதாகச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். அந்தத் தளத்தின்மேல் உரலை நேரே வைக்காமல், கோணிச் சாக்கு ஒன்றை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் உரலை நிறுத்தி, பூண் கட்டிய உலக்கையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். சாக்கு எதற்கு என்று கேட்டேன்.

"உரலு சும்மா கெடந்தா ஒண்ணும் ஆவாதுங்க ஐயா. வருசமெல்லாம் கெடந்தாலும் தரை தாங்கும். குத்தற குத்துதான் தாங்காது, வெடிச்சுப்பூடும்" என்றாள், கை ஓயாமலே.

பாரம் வேறு, அடி வேறு என்னும் பேதத்தை இதைவிடச் சுருக்கமாக ஒரு பொறியியல் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது. ஆனால் கான்கிரீட்டின் பலத்தைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிற பேச்சில் இந்தப் பேதத்துக்கு இடமே இருப்பதில்லை. வீடு கட்டுகிறவர் "எத்தனை எம்?" என்று கேட்கிறார், விளம்பரம் எழுதுகிறவர் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார், எண் பெரிதானால் கான்கிரீட் எல்லா விதத்திலும் மேலானது என்று கேட்டவரும் சொன்னவரும் சேர்ந்து நம்பிவிடுகிறார்கள். அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை ஒருமுறை பொறுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்.

கட்டட வேலை நடக்கும் இடங்களில் 'க்யூப் எடுப்பது' என்று ஒரு காரியம் உண்டு. கலவையில் கொஞ்சத்தை எடுத்து, பக்கத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அளவுள்ள இரும்பு அச்சுகளில் இட்டு, கம்பியால் குத்தி நிரப்பி, மறுநாள் அச்சைக் கழற்றி, 28-ஆம் நாள் வரை தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அழுத்தும் இயந்திரத்தின் இரு தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் தாங்கினால் அது எம் 60. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ. அந்தச் சிறு கட்டி முழுவதும் சுமக்கும் பாரமோ 135 டன்னுக்கும் மேல். 2000-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட ஐ.எஸ். 456 என்னும் இந்திய விதிநூல், வெளிவந்தபோது எம் 60-லிருந்து மேலே உள்ளவற்றைத்தான் 'உயர்பலக் கான்கிரீட்' என்று வகைப்படுத்தியது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேகம். நிமிஷத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் என்ற நிதானத்தில்தான் அழுத்தத்தை ஏற்ற வேண்டும் என்று பரிசோதனை விதியான ஐ.எஸ். 516 கட்டளையிடுகிறது. ஆகவே எம் 60 க்யூப் ஒன்று உடைவதற்கு நான்கு நிமிஷத்துக்கும் அதிகமான நேரம் பிடிக்கும். நாம் பெருமையோடு சொல்லும் அந்த எண், நான்கு நிமிஷ அவகாசம் கொடுத்து மெல்ல மெல்ல ஏற்றிய பாரத்துக்குக் கிடைத்த விடை.

அவகாசமே கொடுக்காமல் கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

மலையிலிருந்து இறங்கும்போதே அந்தக் கேள்விக்கு ஓர் உதாரணம் கிடைத்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து வடமேற்கே வரும் சாலை, 2.34 மீட்டர் ஆடியுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூரைத் தொட்டு, ஆலங்காயம் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி வாணியம்பாடியை அடைகிறது. அந்தப் பள்ளத்தாக்கு, சென்னையிலிருந்து மேற்கே போகும் ரயில்களுக்கெல்லாம் பழைய ராஜபாட்டை. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தொடங்கிய பாதை, சில ஆண்டுகளுக்குள் ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டு, 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளையும் விட்டது. ஒரு புறம் ஜவ்வாது, மறுபுறம் ஏலகிரி. இரண்டுக்கும் இடையே இராப்பகலாக வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மலையடிவாரத்து நிலையம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது நீளமான சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போயிற்று. பெட்டிகள் எல்லாம் ஒரே சீராக இரைந்துகொண்டு போக, நடுவில் ஒரு பெட்டி மாத்திரம் 'டொக் டொக் டொக்' என்று சம்மட்டி அடிப்பதுபோல் சத்தமிட்டுக்கொண்டே வந்து, என்னைக் கடந்து, தூரத்தில் மறைந்தது. உலகத்தில் ரயில் ஓடும் இடமெல்லாம் கேட்கிற சத்தம்தான் அது. பிரேக் இறுகும்போது சக்கரம் உருளாமல் தண்டவாளத்தின்மேல் சறுக்கிவிட்டால், தேய்ந்த இடத்தில் அதன் வட்டம் கெட்டு ஒரு சிறு தட்டை உண்டாகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தட்டை தண்டவாளத்தின்மேல் வந்து அறையும்.

இந்தத் தட்டைக்கு நம் ரயில்வேயில் வரம்பு உண்டு: சரக்குப் பெட்டிகளுக்கு 60 மில்லிமீட்டர் நீளம், பயணிகள் பெட்டிகளுக்கும் எஞ்சின்களுக்கும் 50. கேட்கும்போது பெரிதாகத் தோன்றும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் 60 மில்லிமீட்டர் நீளத் தட்டையின் ஆழம் எவ்வளவு என்று கணக்கிட்டால் 0.9 மில்லிமீட்டர்தான் வருகிறது. ஒரு தடித்த அட்டையின் கனம். வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அந்தத் தட்டை தண்டவாளத்தைத் தொட்டுக் கடக்கும் நேரம் ஒரு செகண்டின் ஆயிரத்தில் மூன்று பங்கு. அதே வேகத்தில் செகண்டுக்கு ஆறு முறைக்கு மேல் அந்த அடி விழும். பாரமேற்றிய சரக்குப் பெட்டியில் ஓர் அச்சின்மேல் 22.9 டன் வரை இருக்கலாம். அதில் பாதியைச் சுமந்து நிற்கும் ஒரு சக்கரம், அந்த மூன்று மில்லிசெகண்டில், தான் நின்றபடி தரும் பாரத்தைப்போல் பல மடங்கைக் கீழே இறக்கிவிடும். இப்படிப்பட்ட சக்கரங்களை ஓடும் வண்டியிலேயே கண்டுபிடிக்க, தண்டவாளத்தில் பொருத்தும் அளவுகருவிகளைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சித் துணையோடு ரயில்வே உருவாக்கியிருக்கிறது. க்யூப் உடைய எடுத்துக்கொண்ட நான்கு நிமிஷத்தையும் இந்த மூன்று மில்லிசெகண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: எண்பதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம்.

அந்த அடியை வாங்குவது யார்? தண்டவாளத்தின் கீழே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைதான். 'கட்டை' என்ற சொல் மரம் போட்ட காலத்தின் மிச்சம். இன்று நம் அகலப் பாதைகளில் கிடப்பது எம் 55-உம் அதற்கு மேற்பட்டதுமான கான்கிரீட்டில் வார்த்தது. உயர்பலம் என்னும் வாசலில் நிற்கும் சரக்கு. இரண்டே முக்கால் மீட்டர் நீளம், கால் டன்னுக்கும் மேற்பட்ட எடை. அதனுள்ளே மூன்று மூன்று இழையாக முறுக்கிய பதினெட்டு எஃகு வடங்கள், வார்ப்பதற்கு முன்பே பலமாக இழுத்துப் பிடித்து வைக்கப்பட்டு, கான்கிரீட் இறுகிய பிறகு விடுவிக்கப்படுகின்றன. இழுத்து விட்ட வடங்கள் சுருங்க முயல, கான்கிரீட் எப்போதும் இரு முனையிலிருந்தும் நெருக்குண்டே கிடக்கிறது. இந்த நெருக்கம் ஏன் வேண்டும் என்பதை அறியக் கல் உடைப்பவர்களிடம் போக வேண்டும்.

ஜவ்வாது மலைத்தொடரின் பெரும்பகுதி சார்னோகைட்டும் நைஸ் பாறையும். அடிவாரத்தில் பாறை பிளப்பவர்கள் பாறையை நொறுக்குவதில்லை. உளியால் ஒரே வரிசையில் சிறு குழிகள் அடித்து, குழிக்கு ஒன்றாக இரும்பு ஆப்புகளைச் செருகி, வரிசை தவறாமல் ஒவ்வொன்றின்மேலும் சம்மட்டியால் ஒரு போடு போட்டுக்கொண்டு போவார்கள். முதல் சுற்றில் கணீரென்று ஒலிக்கும் ஆப்பு, மூன்றாம் நான்காம் சுற்றில் சற்றே மந்தமாக ஒலிக்கும். அந்த ஒலி மாறியதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுக் காத்திருப்பார்கள். மயிரிழைபோல் ஒரு கோடு குழிக்குக் குழி தாவி ஓடும், பாறை இரண்டாகும். எத்தனையோ டன் பாரத்தைத் தலைமேல் தாங்கும் பாறையை, பக்கவாட்டில் விலக்கி இழுக்கும் ஒரு சிறு விசை பிளந்துவிடுகிறது. கான்கிரீட்டும் பிறப்பால் கல்லின் இனம். அதன் சுபாவமும் அதுவே. நசுக்கும்போது காட்டும் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் இழுக்கும்போது காட்டும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கம்பியும், வடத்தின் நெருக்கமும்.

கான்கிரீட்டை உயர்பலம் உள்ளதாக்குவது பெரும்பாலும் தண்ணீரைக் குறைக்கும் வித்தைதான். சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய நீருக்கு மேல் நாம் சேர்ப்பதெல்லாம், கலவை இளகி ஓட வேண்டும் என்பதற்காகத்தான்; அந்த உபரி நீர் ஆவியாகிப் போன இடங்கள் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நின்றுவிடும். சாதாரணக் கலவையில் சிமெண்டின் எடையில் பாதியளவு நீர் சேர்ப்பார்கள் என்றால், உயர்பலக் கலவையில் பத்தில் மூன்று பங்கு அளவில் நிறுத்திவிடுவார்கள். அப்படிக் கெட்டியான கலவையை இளக்கச் சில ரசாயனங்கள். சிமெண்டுத் துகளைவிட நூறு மடங்கு நுண்ணிய சிலிக்காப் பொடி, துகள்களுக்கு இடையே போய் அடைத்துக்கொள்ள. சாதாரணக் கான்கிரீட்டில் ஒவ்வொரு ஜல்லியையும் சுற்றி மெல்லிய தோல்போல் ஒரு நலிந்த பாகம் இருக்கும்; விரிசல் முதலில் பிறக்குமிடம் அதுதான். நீரைக் குறைத்துச் சிலிக்காவை நிரப்பும்போது அந்தத் தோலும் ஜல்லியைப்போல் கெட்டிப்பட்டுவிடுகிறது.

இங்கேதான் ஆச்சரியமான ஒரு திருப்பம் இருக்கிறது. அடி வேகமாக விழுந்தால் கான்கிரீட் சீக்கிரம் உடைந்துவிடும் என்று நாம் நினைப்போம். வேகம் கூடக்கூட, உடைப்பதற்கு வேண்டிய விசை கூடுகிறது என்று டஃப் ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1917-லேயே கண்டு சொன்னார். மலைமேல் ஏறும் ஒற்றையடிப் பாதையை நினைத்துப் பாருங்கள்: அவசரமில்லாத கால்கள் போட்ட பாதை அது, பாறை எதிர்ப்பட்டால் சுற்றிக்கொண்டு போகும், மண் இளகிய இடமாகத் தேடிப் போகும். மெல்ல ஏறும் பாரத்தில் பிறக்கும் விரிசலும் அப்படித்தான் ஜல்லியைச் சுற்றி, நலிந்த தோல் வழியாகவே நடந்து போகிறது. திடீரென்று விழும் அடியில் பிறக்கும் விரிசலுக்கோ வழி தேட நேரமில்லை; மேலேயிருந்து உருண்டு வரும் பாறையைப்போல் நேராகவே பாய வேண்டியிருக்கிறது; எதிர்ப்பட்ட ஜல்லியையும் பிளந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் ஒரு விரிசலாக இல்லாமல் பல இடங்களில் ஒரே சமயத்தில் பல விரிசல்கள் எழவும் வேண்டியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் அதிகச் சக்தி வேண்டும். அத்துடன் துளைகளில் தங்கியுள்ள ஈரமும் தன் பங்குக்குத் தடுக்கிறது. நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மெல்ல இழுத்தால் பிரியும். வெடுக்கென்று இழுத்தால் பிரிய மறுக்கும். விரிசலின் இரு உதடுகளுக்கு இடையே உள்ள ஈரமும் அதே காரியத்தைச் செய்கிறது என்று ஆராய்ச்சியாளர் விளக்குகிறார்கள்.

இந்தச் சலுகை உயர்பலக் கான்கிரீட்டுக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது. காரணம் மேலே சொன்னதிலேயே அடங்கியிருக்கிறது. அதில் ஜல்லியைச் சுற்றிய நலிந்த தோலே இல்லை. ஆகையால் மெல்ல ஏறும் பாரத்திலும் விரிசல் ஜல்லியைப் பிளந்துகொண்டுதான் போகிறது. அவசரத்தில் புதிதாகப் பிளக்க வேண்டியது மிச்சமில்லை. துளைகள் குறைவு; அவற்றில் ஈரமும் குறைவு. சாதாரணக் கான்கிரீட் திடீர் அடிக்கு எழுந்து தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளும் அளவுக்கு இது கூட்டிக்கொள்வதில்லை. நான்கு நிமிஷப் பரீட்சையில் இரண்டுக்கும் இடையே காணப்படும் பெரிய வித்தியாசம், மில்லிசெகண்டுப் பரீட்சையில் சுருங்கிவிடுகிறது.

மில்லிசெகண்டில் நிகழ்வதை அளப்பதற்கென்றே ஓர் உபாயம் இருக்கிறது. 1914-இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயர் தொடங்கி வைத்து, 1949-இல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி செப்பனிட்டது அது. இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகளை ஒரே நேர்க்கோட்டில் வைத்து, நடுவே கான்கிரீட் துண்டைப் பொருத்தி, ஒரு முனையில் மற்றொரு தண்டை வேகமாக மோதவிடுவார்கள். மோதிய அடி அலையாக முதல் தண்டில் ஓடி வந்து, கொஞ்சம் துண்டில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் துண்டை ஊடுருவி இரண்டாம் தண்டில் போகும். போன அலையையும் திரும்பிய அலையையும் அளந்தால், துண்டு பட்ட பாடு தெரிந்துவிடும். இப்படிக் கிடைக்கும் பலத்தில் ஒரு பகுதி கான்கிரீட்டுடையதே அன்று, விலகிப்போக நேரம் கிடைக்காத சுற்றுப் பகுதிகளின் ஜடத்தன்மை நடுப்பகுதியை இறுக்கிப் பிடிப்பதால் வருவது என்றும் அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. கூடிய எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு சுவரின் கனத்தைக் குறைத்துவிடுவது ஆபத்து.

அலை என்று சொன்னேன். கான்கிரீட்டினுள் அடியின் அலை செகண்டுக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சாண் கனமுள்ள ஸ்லீப்பரை மேலிருந்து கீழாகக் கடக்க அதற்கு ஒரு மில்லிசெகண்டில் இருபதில் ஒரு பங்கு போதும். சக்கரத்தின் மூன்று மில்லிசெகண்டு அடிக்குள் அது மேலும் கீழுமாக முப்பது தடவை போய்வந்துவிடும். ஆகவே ஸ்லீப்பர் முழுவதும் சேர்ந்து வளைந்து கொடுத்துத்தான் அந்த அடியை வாங்குகிறது. குண்டும் வெடியும் தரும் அடி வேறு ஜாதி. அங்கே எல்லாம் முதல் அலையிலேயே முடிந்துவிடும். கோலிகளை ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக வைத்து, ஒரு முனையிலுள்ள கோலியைச் சுண்டினால், நடுவில் உள்ளவை அசையாமல் நிற்க, மறுமுனைக் கோலி மாத்திரம் தெறித்து ஓடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். சுவரின் முன்பக்கத்தில் விழுந்த அடி நெருக்கும் அலையாக உள்ளே ஓடி, பின்பக்கத்தில் காற்றுவெளியைச் சந்தித்ததும், மேலே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல், இழுக்கும் அலையாகத் திரும்புகிறது. நெருக்கத்தைத் தாங்கிய கான்கிரீட் அந்த இழுப்பைத் தாங்காது. குண்டு சுவரைத் துளைக்காமல் முன்பக்கத்திலேயே நின்றுவிட்டாலும், பின்பக்கத்திலிருந்து சில்லுகள் பெயர்ந்து அறைக்குள் பறக்கும். உள்ளே இருப்பவரைக் காயப்படுத்துவது பல சமயங்களில் அந்தச் சில்லுகளே.

உயர்பலக் கான்கிரீட் இதைத் தடுக்குமா? 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதை நேருக்கு நேராகவே கேட்டுப் பார்த்தது. சதுர மில்லிமீட்டருக்கு 48 நியூட்டன் பலமுள்ள கம்பிகட்டிய பலகைகளையும், 140 நியூட்டன் பலமுள்ள பலகைகளையும் வார்த்து, இரண்டின்மேலும் எஃகுக் குண்டுகளைச் செலுத்தினார்கள். பலம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் பலகையைத் துளைக்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் சுமார் இருபது சதவீதந்தான் கூடியது. எம் என்னும் எண்ணில் மயங்குகிறவர்கள் அனைவரும் இந்த ஒரு முடிவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதற்கு மறுபக்கமாக, 1988 ஏப்ரல் 19-ஆம் தேதி நியூ மெக்சிகோவில் சாண்டியா ஆராய்ச்சிக்கூடத்தார் செய்த பரீட்சையைச் சொல்ல வேண்டும். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நாம் பார்க்கும் அணு உலைக் கட்டடங்களின் கனத்த சுவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் குறிப்பிடுவார். எஃப்-4 ஃபாண்டம் என்னும் போர்விமானத்தை ராக்கெட் சறுக்குவண்டியில் ஏற்றி, செகண்டுக்கு 215 மீட்டர் வேகத்தில், 3.66 மீட்டர் கனமுள்ள கான்கிரீட் பாளத்தின்மேல் மோதவிட்டார்கள். விமானம் தூளாயிற்று, பாளத்தில் மிக ஆழமான பள்ளம், எஞ்சின்கள் பட்ட இடத்தில், ஆறு சென்டிமீட்டர். கான்கிரீட்டின் பெருமைக்குச் சான்றாக இந்தச் சோதனையின் படத்தைக் காட்டுவது வழக்கம். உண்மையில் அந்தச் சோதனை சுவரின் பலத்தைக் காட்டச் செய்ததன்று. விமானம் தரும் விசையை அளப்பதற்காகச் செய்தது. விமானத்தின் உடல் மெல்லிய தகடு. தான் கசங்கிச் சுருங்குவதிலேயே மோதலின் சக்தியில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது. எளிதில் கசங்காத எஞ்சின்களே ஆழமாகப் பள்ளம் பறித்தன. மோதுகிறவற்றில் எது விட்டுக்கொடுக்கிறதோ அதன் கணக்கில்தான் சக்தி கரைகிறது. இரண்டும் விட்டுக்கொடுக்காவிட்டால், உடைவதொன்றுதான் மிச்சம்.

உயர்பலக் கான்கிரீட்டின் பெரிய குறை, அதற்கு விட்டுக்கொடுக்கத் தெரியாததுதான். சாதாரண க்யூப் உடையும்போது முணுமுணுத்துக்கொண்டே, ஓரங்களைச் சிறுகச்சிறுக உதிர்த்து, கடைசி வரை கொஞ்சம் பாரத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கும். எம் 80, எம் 90 க்யூபோ, சிறு அறிகுறியும் காட்டாமல் நின்று, வெடிச்சத்தத்தோடு சிதறும்; சோதனைக்கூடங்களில் இயந்திரத்தைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு வைப்பது அதனால்தான். பலம் ஏறுகிற விகிதத்தில், உடைவதற்கு முன் உட்கொள்ளும் சக்தி ஏறுவதில்லை.

நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் இதைக் கண்ணாரக் காணும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 544-ஆம் குழு வகுத்தது. பதினைந்து சென்டிமீட்டர் விட்டமும் ஆறரை சென்டிமீட்டர் கனமும் உள்ள வில்லை, நடுவில் ஓர் எஃகு உருண்டை, அதன்மேல் 4.54 கிலோ சுத்தியல் 45.7 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழும். ஓர் அடியின் சக்தி இருபது ஜூல். மூன்று கிலோ உலக்கையை இரண்டேகால் அடி தூக்கிக் கைவிட்டால் வருகிற சக்தி. முதல் விரிசல் எத்தனையாவது அடியில், முழு உடைவு எத்தனையாவது அடியில் என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாரில்லாத உயர்பலக் கான்கிரீட் வில்லையில் இந்த இரண்டு எண்களும் அநேகமாக அடுத்தடுத்தே வரும். விரிசல் கண்ட அடிக்கு அடுத்த ஓரிரு அடிகளில் வில்லை இரண்டு மூன்று துண்டாகிவிடும். அதே கலவையில், நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், நுனி வளைந்த சிறு எஃகு நார்களைக் கலந்து வார்த்திருந்தால், முதல் விரிசல் சற்றே தாமதமாக வரும். பிறகு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். விரிசலின் குறுக்கே பாலமாக நிற்கும் நார்கள், அறுந்துபோகாமல், கான்கிரீட்டிலிருந்து இழுபட்டு உருவிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொரு நாரையும் உருவுவதற்கு ஒவ்வொரு அடியும் தன் சக்தியில் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். ஒரு க்யூபை அழுத்தும் இயந்திரத்தில் வைத்தால், இந்த நார்களால் பலத்தின் எண் சொல்லத்தக்க அளவு ஏறியிருக்காது. அடியின் கணக்கிலோ எத்தனையோ மடங்கு ஏறியிருக்கும்.

சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுநாளாக உழைத்து வருகிறது. நாரை முதலில் அச்சில் நெருக்கமாக நிரப்பிவிட்டு, அதன்மேல் சிமெண்டுக் குழம்பை ஊற்றி ஊறவிடும் 'சிஃப்கான்' என்னும் முறையை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். வெடிமருந்துக் கிடங்குகள் போன்ற கட்டடங்களுக்காக, சுவரின் முன்பக்கக் கம்பிகளையும் பின்பக்கக் கம்பிகளையும், பூ தொடுப்பவள் நாரைப் பின்னிக்கொண்டு போவதுபோல், மேலும் கீழுமாக வளைந்தோடும் ஒரே தொடர்கம்பியால் பிணைக்கும் முறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உள்ளே உள்ள கான்கிரீட் நொறுங்கினாலும், பின்னலுக்குள்ளேயே அகப்பட்டு, சுவர் வளைந்து கொடுத்து நிற்கும்.

ஸ்லீப்பருக்கு இத்தனை ஆடம்பரம் கட்டுபடியாகாது. லட்சக்கணக்கில் வார்க்க வேண்டிய பொருள் அது. அங்கே வேறோர் உபாயம். தண்டவாளத்தின் அடித்தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர் கனத்தில், பள்ளக் கோடுகள் போட்ட ஒரு ரப்பர் அட்டை வைக்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் அதை 'ரப்பர் பேட்' என்பார்கள். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் வளைந்த எஃகு கிளிப்பும் வில்லைப்போல் நெகிழ்வது. அடியில் கிடக்கும் ஜல்லிப் படுகையும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. இந்த ரப்பர் அட்டையின் அருமை அமெரிக்காவில் ஒரு கசப்பான பாடமாகத் தெரியவந்தது. நியூயார்க், வாஷிங்டன் நகரங்களை இணைக்கும் பாதையில் 1970-களின் கடைசியில் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் போடப்பட்டபோது, சில ஆண்டுகளுக்குள்ளேயே தண்டவாளம் உட்காரும் இடத்துக்குக் கீழே விரிசல்கள் கண்டன. கான்கிரீட்டின் பலத்தில் குறையில்லை. வட்டம் கெட்ட சக்கரங்களின் அடிதான் காரணம் என்று ஆராய்ந்து கண்டார்கள். கான்கிரீட்டின் எண்ணை ஏற்றச் சொல்லவில்லை. ரப்பர் அட்டையை இன்னும் இளக்கமானதாக மாற்றச் சொன்னார்கள். அட்டை இளகினால், மூன்று மில்லிசெகண்டில் வந்து விழ வேண்டிய அடி சற்றே நீண்ட நேரத்துக்குப் பரவி, அதன் உச்சம் தணிந்துவிடுகிறது. ஜமுனாமரத்தூர்ப் பாட்டி உரலுக்கடியில் மடித்து வைத்த சாக்கு செய்கிற வேலையும் இதுவே.

அட்டை தேய்ந்தோ நழுவியோ போன இடத்தில் அடி நேரே கான்கிரீட்டுக்கு இறங்குகிறது. ஸ்லீப்பரின் அடிப்புறத்தில் மயிரிழை விரிசல் ஒன்று திறக்கிறது. சக்கரம் கடந்ததும், உள்ளே இழுத்து விட்ட பதினெட்டு வடங்களும் சேர்ந்து நெருக்க, திறந்த விரிசல் அப்படியே மூடிக்கொள்கிறது. அடுத்த சக்கரத்துக்கு மறுபடியும் திறக்கிறது. மூடிய விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தினந்தோறும் சாவியும் சுத்தியலும் தோளில் மாட்டிக்கொண்டு, கிளிப் கழன்றிருக்கிறதா, அட்டை நழுவியிருக்கிறதா என்று கட்டை கட்டையாகப் பார்த்துக்கொண்டு நடந்து போகும் கீமேனுக்கும், விரிசல் பக்கவாட்டில் ஏறி வரும் வரை, வெயில் நாளில் அது தெரிவதில்லை. மழை பெய்து ஓய்ந்த காலையில், ஸ்லீப்பரின் முகமெல்லாம் காய்ந்து வெளுத்த பிறகும், விரிசல் குடித்த நீர் மாத்திரம் காயாமல் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருங்கோடாகச் சிறிது நேரம் நிற்கும். அந்தச் சிறிது நேரத்துக்குள் அவர் அந்த இடத்தைக் கடந்தால் கண்டுகொள்வார். குனிந்து, கட்டையின்மேல் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டு, அடுத்த கட்டைக்குப் போவார்.